சுண்ணாம்பு ஏன் கொதிக்கிறது?

கேள்வி: சுட்ட சுண்ணாம்பில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அடுப்பே இல்லாமல் கொதிக்கிறதே, அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது?

பதில்: காளவாயிலிருந்துதான்! சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ சுமார் 900 டிகிரியில் சுடும்போது கால்சியம் கார்பனேட் உடைந்து, கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. 100 கிலோ சுத்தமான கல்லில் 44 கிலோ காற்றோடு போய்விடும். மிஞ்சுவது 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு. பிணைப்பை உடைத்தால் ஆற்றல் செலவு, புதிதாகப் பிணைந்தால் ஆற்றல் வரவு. பலர் இதைத் தலைகீழாகவே மனப்பாடம் செய்திருக்கிறார்கள். தண்ணீர் பட்டதும் கால்சியம் ஹைட்ராக்சைடு உருவாகிறது. இங்கே செலவைவிட வரவு அதிகம். காளவாயில் செலவழிந்த சூட்டின் ஒரு பங்கான அந்த உபரிதான் புஸ்ஸென்று ஆவியாகக் கிளம்புகிறது. ஒரு கிலோ சுத்தமான சுட்ட சுண்ணாம்பு தரும் வெப்பத்தில் மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம்.

அதன்பின் நடப்பதுதான் எனக்கு இன்னும் பிடித்தது. சுவரில் அடித்த சுண்ணாம்பு வெறுமனே காய்வதில்லை. காளவாயில் இழந்த கார்பன் டை ஆக்சைடைக் காற்றிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டு மறுபடியும் கல்லாகிவிடுகிறது!

சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றி நீற்றும்போது குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள். கண்ணில் தெறித்தால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, உடனே கண் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.