பாஸ் கொஞ்சம் குறைங்க!

ஐந்து லட்ச ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். சினிமாவும் பார்க்க வேண்டும், பாட்டும் கேட்க வேண்டும். எந்த பிராண்ட் ஸ்பீக்கர் வாங்கலாம்? – கோவை

ஹால் எத்தனை அடி, தரை டைல்ஸா, சோபா எந்தச் சுவரை ஒட்டிக் கிடக்கிறது, எதையுமே எழுதவில்லை. பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மாப்பிள்ளை தேடச் சொன்னால் தரகர் என்ன செய்வார்?

சும்மா சொல்லவில்லை. 12 அடி நீளமுள்ள அறையில் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே 47 ஹெர்ட்ஸ் அளவில் ஒலி மாட்டிக்கொண்டு ஊஞ்சலாடும். பேஸ் கிடாரின் அடிமட்ட ஸ்வரங்கள் இருக்கும் இடம் அது. ஒரு ஸ்வரம் 'கும்' என்று நெஞ்சில் இடிக்கும், அடுத்தது காணாமல் போகும். இரண்டு லட்சத்துக்கு வாங்கினாலும் இருபது லட்சத்துக்கு வாங்கினாலும் இதே கதைதான், ஏனென்றால் இது அறையின் வேலை. முதலில் சோபாவைப் பின்சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்துப் போடுங்கள். செலவில்லாத வைத்தியங்களில் இதுதான் முதல்.

பிறகு பணத்துக்கு வருவோம். பாதியை முன்பக்க மூன்று ஸ்பீக்கர்களில் போடுங்கள். ஒரு லட்சம் சப்வூஃபருக்கு. ரிசீவர், பின்பக்க ஜோடி, கனமான திரைச்சீலை, தரைவிரிப்பு எல்லாம் மிச்சத்தில். எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டும் என்ற அவசரம் இல்லையென்றால் இன்னும் நல்லது. இந்த வருடம் இடது, வலது இரண்டும் உயர்தரமாக வாங்குங்கள். அடுத்த தீபாவளிக்கு அதே வரிசையில் சென்டர். எல்லாமே சுமாராக ஏழு ஸ்பீக்கர் வாங்கியவர்தான் மூன்றாவது வருடம் எல்லாவற்றையும் விற்க விளம்பரம் கொடுப்பார்.

பெட்டியில் 5,000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ. என்று போட்டிருக்கிறது. வீடு தாங்குமா? – கும்பகோணம்

வீடு தாங்கும், பெட்டிதான் தாங்காது. பி.எம்.பி.ஓ. என்பது விற்பவரின் கற்பனைத்திறனை அளக்கும் அலகு. ஆர்.எம்.எஸ். வாட்ஸ் எவ்வளவு என்று கேளுங்கள், கடைக்காரர் குரல் தாழும்.

உண்மையில் வாட்ஸைவிட முக்கியமான எண் ஒன்று அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும்: சென்சிடிவிட்டி. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி எத்தனை டெசிபல் வருகிறது என்ற கணக்கு. 87 டெசிபல் ஸ்பீக்கர் 100 வாட்ஸ் வாங்கிக்கொண்டு போடும் சத்தத்தை, 90 டெசிபல் ஸ்பீக்கர் 50 வாட்ஸிலேயே போட்டுவிடும். மூன்று டெசிபலுக்குப் பாதி மின்சாரம்.

உங்கள் ஊர்ப்பக்கம் கோயில் திருவிழாவுக்கு வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்பார்களே, சின்ன ஆம்ப்ளிஃபயரை வைத்துக்கொண்டு அது அடுத்த ஊர்வரை எழுப்பிவிடும். ரகசியம் அந்தக் குழாயின் விரிந்த வாய். அதே ஹார்ன் தத்துவத்தை மரப்பெட்டிக்குள் மடித்துவைத்து அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் பால் கிளிப்ஷ் என்பவர் 1946-ல் விற்க ஆரம்பித்தார். அறையின் மூலையையே ஹார்னின் நீட்சியாகப் பயன்படுத்திக்கொண்ட கிளிப்ஷ்ஹார்ன் அது. இன்றைக்கும் உயர்தர ரசிகர்கள் மத்தியில் அதற்குத் தனி மரியாதை. வேப்பமரத்தில் கட்ட முடியாது, அவ்வளவுதான்.

படத்தில் வசனம் புரியவில்லை என்று சத்தத்தைக் கூட்டுகிறேன். உடனே சண்டை வந்துவிடுகிறது, படத்திலும், பக்கத்து ஃப்ளாட்காரரோடும். என்ன செய்ய? – சென்னை

தமிழ்நாட்டில் பாதி ஹோம் தியேட்டர்களின் பிரச்சினை இதுதான். படத்தின் வசனத்தில் பெரும்பங்கு சென்டர் ஸ்பீக்கர் ஒன்றிலிருந்துதான் வருகிறது. நம் ஆட்கள் ஆளுயர டவர் ஸ்பீக்கர் இரண்டுக்குக் காசைக் கொட்டிவிட்டு, 'நடுவில் ஏதோ ஒண்ணு கொடுங்க' என்பார்கள். அந்த ஏதோ ஒண்ணைக் கொண்டுபோய் டி.வி. யூனிட்டின் அடித்தட்டில், செட்டாப் பாக்ஸுக்கும் பிள்ளையாருக்கும் நடுவே உள்ளே தள்ளிவைப்பார்கள். கதாநாயகன் பானைக்குள் இருந்து பேசாமல் என்ன செய்வார்?

பெட்டியைத் தட்டின் விளிம்புவரை முன்னால் இழுங்கள். முன்பக்க அடியில் ரப்பர் துண்டு கொடுத்து, உட்கார்ந்திருப்பவர் காதைப் பார்க்கிற மாதிரி நிமிர்த்துங்கள். ரிசீவர் மெனுவில் சென்டரை மட்டும் இரண்டு, மூன்று டெசிபல் கூட்டுங்கள். நைட் மோட் என்று ஒன்று இருக்கும். அது வெடிச்சத்தத்தை அடக்கி முணுமுணுப்பைத் தூக்கும். ராத்திரி பத்துக்கு மேல் அதைப் போட்டால் பக்கத்து ஃப்ளாட்காரரோடு சமாதானம்.

புதிதாக வாங்குவதானால் இடது, வலதின் அதே கம்பெனி, அதே வரிசை. நடுவில் ட்வீட்டர், இரண்டு பக்கமும் வூஃபர் என்று படுக்கவைத்த வகை பார்க்க அழகாக இருக்கும். நேர் எதிரே கேட்கவும் நன்றாகவே இருக்கும். சோபாவின் ஓரத்துக்கு நகர்ந்தால் குரல் மெலியும். ட்வீட்டரும் சின்ன மிட் ஸ்பீக்கரும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்க, வூஃபர்கள் அவற்றின் இருபுறமும் உள்ள மூன்று வழி சென்டரில் இந்தத் தொல்லை மிகவும் குறைவு. கடையில் உங்களை நடு இருக்கையில்தான் உட்காரவைப்பார்கள். எழுந்து ஓரத்துக்குப் போய்க் கேளுங்கள். வீட்டில் உங்களுக்கு எந்த இடம் கிடைக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

கடையில் தேவாமிர்தமாக இருந்தது, வீட்டில் தகர டப்பா. ஏமாற்றிவிட்டார்களா? – திருநெல்வேலி

ஏமாற்றவில்லை, உபசரித்திருக்கிறார்கள். கடை அறையில் கம்பளம், சுவரில் பஞ்சுப் பலகை, ஏ.சி.கூட மெல்ல மூச்சுவிடும். உங்கள் ஹாலில் பளிங்கு மாதிரி டைல்ஸ், வெற்றுச் சுவர், கண்ணாடி ஜன்னல், தலைக்கு மேல் ஐந்தில் சுற்றும் ஃபேன். ஹாலின் நடுவே நின்று ஒருமுறை கை தட்டுங்கள். 'ட்ர்ர்ங்' என்று வால் நீண்டால் குற்றவாளி ஸ்பீக்கர் இல்லை.

இன்னொன்று, இரண்டு ஸ்பீக்கரில் எது கொஞ்சம் உரக்க ஒலிக்கிறதோ அதுவே நல்லது என்று காது தீர்ப்புச் சொல்லிவிடும். வித்தியாசம் ஒரே ஒரு டெசிபல் இருந்தாலும் போதும். ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே அளவில் வைக்கச் சொல்லுங்கள். போனில் சவுண்ட் மீட்டர் ஆப் இருக்கிறது.

காதைவிடப் பெரிய பொய்யன் கண். கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலில் ஃபிளாய்ட் டூல் என்பவர் பல வருடங்கள் ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் ஒளித்துவைத்து ஆட்களைக் கேட்கவைத்தார். யாருடையது என்று தெரியாதபோது, எந்தச் சுருதியையும் தூக்காமல் தாழ்த்தாமல், நேரிலும் பக்கவாட்டிலும் ஒரே குணமாக ஒலிப்பதையே பெரும்பாலோர் விரும்பினார்கள். 1994-ல் ஹார்மன் நிறுவனத்தில் அவரும் ஷான் ஆலிவும் அதே நிறுவன ஊழியர்களை வைத்துச் சோதித்தபோது, திரையை விலக்கியதும் மதிப்பெண்கள் மாறின. பெரிய, விலையுயர்ந்த பெட்டிகள் மேலே ஏறின. சின்ன பிளாஸ்டிக் பெட்டி பாவம், கீழே போயிற்று. தொழிலே அதுவாக இருந்தவர்களுக்கே இந்தக் கதி. நீங்கள் கடைக்கு ஒரு நண்பரைக் கூட்டிப்போய்த் திரும்பி உட்கார்ந்து கேளுங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

எந்தப் பாட்டைப் போட்டுச் சோதிப்பது? – மதுரை

கடையில் போடும் டெமோ வேண்டாம். கண்ணாடி உடைவதும் ஹெலிகாப்டர் பறப்பதும் எந்த ஸ்பீக்கரிலும் பிரமாதமாகத்தான் இருக்கும். நிஜத்தில் கண்ணாடி எப்படி உடைந்தது என்று யாருக்கு ஞாபகம்?

சின்ன வயதிலிருந்து கேட்ட குரலைக் கொண்டுபோங்கள். அறுபதுகளின் சுசீலா பாட்டு ஒன்று. மோனோ பதிவு, அதாவது இரண்டு ஸ்பீக்கருக்கும் போவது ஒரே ஒலி. இரண்டுக்கும் சமதூரத்தில் உட்காருங்கள். குரல் இடதிலும் இல்லாமல் வலதிலும் இல்லாமல் நட்டநடுவே, வெற்றுக் காற்றில், ஒரு ஆள் நிற்கும் அகலத்தில் நிற்க வேண்டும். வாய் நாலடி அகலத்துக்கு விரிந்தாலோ ஒரு பக்கம் சாய்ந்தாலோ ஜோடிப் பொருத்தம் சரியில்லை, அல்லது வைத்த இடம் சரியில்லை. பழைய மோனோ பாட்டுக்கு எதற்கு உயர்தர ஸ்பீக்கர் என்பவர்களுக்கும் இதுவே பதில். இதைவிடக் கறாரான பரீட்சை கிடையாது.

அடுத்து தவில். வலந்தலையில் விரல்கூடு போட்ட விரல்கள், மறுபக்கம் கழி. இரண்டும் இரண்டு விதமான அடி. சுமாரான ஸ்பீக்கரில் எல்லாம் சேர்ந்து பட்டாசு மாதிரி கேட்கும். நல்லதில் தோல் வேறு, குச்சி வேறு என்று பிரியும். சத்தத்தைக் கூட்டியபோதும் பிரிகிறதா பாருங்கள். மிருதங்கத்தின் இடந்தலையில் கும்கி வழுக்கும்போது சுருதி ஏறுவது தெரிய வேண்டும். 'தொம்' என்று மொத்தமாக வந்தால் அது பாஸ் இல்லை, இரைச்சல். கடைசியாக தம்புரா மட்டும் இரண்டு நிமிடம்.

பிறகு ரஹ்மானோ அனிருத்தோ, உங்கள் இஷ்டம்.

ஸ்டூடியோ படங்களில் வெள்ளைக் கோன் போட்ட ஸ்பீக்கர் தெரிகிறதே, அதையே வாங்கினால் என்ன? – புதுச்சேரி

யமஹா என்எஸ்-10. 1978-ல் வீட்டு உபயோகத்துக்கென்றே வந்தது. வீட்டுக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. பதிவில் உள்ள ஓட்டை உடைசலை எல்லாம் காட்டிக்கொடுக்கிறது என்று ஒலிப்பதிவாளர்கள் தூக்கிக்கொண்டுபோனார்கள். குறை கண்டுபிடிப்பது அவர்கள் தொழில். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாட்டுக் கேட்கப்போகிறவர்.

ஸ்டூடியோ வம்சம்தான் வேண்டுமென்றால் பி.பி.சி. எழுபதுகளில் வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்காக உருவாக்கிய எல்எஸ்3/5ஏ வழியில் வந்த சின்னப் பெட்டிகளைக் கேட்டுப்பாருங்கள். ஆழமான பாஸ் கிடையாது, சத்தமும் குறைவு. ஆனால் மனிதக் குரல் அதில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. பத்துக்குப் பத்து அறையில் கச்சேரி மட்டும் கேட்கிறவருக்கு நான் அந்த வகையைத்தான் சொல்வேன். சண்டைப்படப் பிரியர்கள் தள்ளி நிற்கவும்.

மீட்டர் 8,000 ரூபாய்க்கு ஒரு கேபிள். போட்டால் எல்லாம் தெளிவாகிவிடுமாம்? – சேலம்

கடைக்காரருக்கு. ஹால் அளவு தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போதும். மேலே செம்பு பூசிய அலுமினியமா என்று மட்டும் நுனியைச் சுரண்டிப் பாருங்கள். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒரு பக்கம் மாறிப்போனால் பாஸ் மாயமாகும், நடுவில் நின்ற சுசீலாவும் கலைந்துபோவார்.

புது வீட்டில் அட்மாஸ் போடலாமா? 5.1.2 என்றால் என்ன? – திருப்பூர்

சுற்றிலும் ஐந்து, சப்வூஃபர் ஒன்று, தலைக்கு மேலே இரண்டு. அட்மாஸ் 2012-ல் 'பிரேவ்' படத்தோடு தியேட்டருக்கு வந்தது. வீட்டுக்கு வந்தபோது, கூரையைப் பார்த்துக் கத்தும் ஸ்பீக்கர்களும் வந்தன. ஒலி கூரையில் பட்டுத் தெறித்து இறங்கும் என்பது ஏற்பாடு. அதற்குக் கூரை தட்டையாக, கெட்டியாக இருக்க வேண்டும். நம் ஆட்களோ மூன்றடுக்கு ஃபால்ஸ் சீலிங், நடுவில் தாமரை, சுற்றிலும் ஊதா விளக்கு என்று போட்டிருப்பார்கள். கட்டும்போதே கூரைக்குள் ஒயர் இழுத்துவிடுங்கள், ஸ்பீக்கரைப் பிறகு பார்க்கலாம். என்னைக் கேட்டால் ஒழுங்கான ஐந்துக்குப் பிறகுதான் ஆறாவது, ஏழாவது எல்லாம்.

ஒலி நன்றாக வர முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டலாமா? – நாமக்கல்

நாமக்கல்லிலிருந்து வராமல் வேறெங்கிருந்து வரும் இந்தக் கேள்வி! வேண்டாம். பாஸை அது ஒன்றுமே செய்யாது, தீப்பொறி பட்டால் குபீரென்று பிடிக்கும். ஒருவரைப் பக்கச் சுவரோரம் கண்ணாடியை நகர்த்தச் சொல்லி, உட்கார்ந்த இடத்திலிருந்து பாருங்கள். எங்கே ஸ்பீக்கர் தெரிகிறதோ அங்கே கனத்த துணியோ நிறையப் புத்தகம் அடுக்கிய அலமாரியோ வையுங்கள். முட்டையை ஆம்லெட் போடுங்கள்.

சப்வூஃபரை எந்த மூலையில் வைப்பது? – திருச்சி

வாஸ்து கேட்காதீர்கள். சப்வூஃபரை உங்கள் சோபாவின் மேலேயே தூக்கிவையுங்கள். பேஸ் கிடார் ஓடும் பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, சுவரோரம் நீங்கள் தவழுங்கள். எந்த இடத்தில் எல்லா ஸ்வரமும் சமமாகக் கேட்கிறதோ அங்கே அதன் நிரந்தர வாசம். ரிசீவரில் சப்வூஃபருக்கான பிரிப்பு (கிராஸ்ஓவர்) 80 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்கு அநேகமாகத் தெரியாது. தவழும்போது வீட்டில் யாரும் போனை எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய ஸ்பீக்கர் வேண்டாம் என்கிறார் மனைவி. எப்படிச் சமாளிப்பது? – ஈரோடு

சமாளிக்காதீர்கள், கேளுங்கள். சின்ன அறையில் டவர் ஸ்பீக்கர் சுவரை ஒட்டி நின்றால் பாஸ் பொங்கி வழியும். ஸ்டாண்டில் நிற்கும் சின்ன ஜோடியும் ஒரு சப்வூஃபரும் பல வீடுகளுக்கு மேல். இன்னொன்று: ஐம்பது தாண்டிய ஆண்களில் பலருக்கு 12,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்பதே பெரும்பாடு. பெண்களுக்கு இந்தத் தேய்மானம் பொதுவாகக் குறைவு. 40,000 ஹெர்ட்ஸ்வரை போகிற ட்வீட்டருக்குக் காசு கொடுக்கும் முன் அவரையும் கடைக்குக் கூட்டிப்போங்கள்.

பாட்டை நிறுத்திய பிறகும் ஸ்பீக்கரின் பின்பக்க ஓட்டையிலிருந்து 'டக் டக்' என்று வருகிறது. ஆம்ப்ளிஃபயர் கோளாறா? – காரைக்குடி

பல்லி. எந்தத் திசையில் சொல்கிறது என்று பஞ்சாங்கத்தில் பலன் பார்த்துவிட்டு, ஓட்டைக்கு மெல்லிய வலைத்துணி ஒன்று கட்டுங்கள்.