கணக்கை விடலாமா?

பத்தாம் வகுப்பு முடிவு வந்த மறுநாளே நாஞ்சில் நாட்டு வீடுகளில் குடும்ப மாநாடு கூடிவிடும். பயோ-மேத்ஸா, கணக்கை விட்ட ப்யூர் சயின்ஸா?

"மக்கா, கணக்க விட்டுராத. டாக்டர் ஆவலேன்னா இஞ்சினியர் ஆவலாம்லா?" என்பார் பெரியப்பா. "பிள்ளை நீட்டுல்லா எழுதப்போகு, பின்ன கணக்கு என்னத்துக்கு?" என்பாள் சித்தி. பையனை யாரும் கேட்பதில்லை. படிக்கப்போகிறவன்தானே, அவனுக்கு என்ன தெரியும்!

நீட்டில் கணக்கே கிடையாது. 720 மதிப்பெண்ணில் 360 உயிரியலுக்கு. பொறியியல் கட்-ஆஃபில் உயிரியலுக்கு மதிப்பில்லை. 200இல் 100 கணக்குக்கு. பயோ-மேத்ஸ்காரன் இரண்டு கோவிலுக்கும் நேர்ந்துவிட்ட ஒரே கிடா.

பச்சையப்பன் கல்லூரியில் எஃப்.ஏ. படித்த ராமானுஜனுக்கு வேண்டாத பாடத்தை விட்டுவிடும் வசதி இல்லை. கணக்கில் புலி, உடலியலில் தேறவில்லை. எங்கள் பெரியப்பா அங்கே இருந்திருந்தால், உடலியலுக்கு டியூஷன் வைத்து ஆளை ஒரு டாக்டராகவாவது ஆக்கியிருப்பார்.

பிளஸ் டூவில் உயிரியல் எடுக்காதவர்கள் பிறகு அதைக் கூடுதல் பாடமாகத் தேறினாலும் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023இல் சொன்னதும் மாநாட்டில் மூன்றாவது கட்சி முளைத்தது: கம்ப்யூட்டர் சயின்ஸ் எடு, உயிரியலை அப்புறம் பார்ப்போம்.

இதற்கிடையே, ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரிக்கு ஹாஸ்டல் வேண்டாம், வீட்டிலிருந்தே பஸ்ஸில் போகலாம் என்று பெரியப்பா தீர்மானித்துவிட்டார். பதினொன்றாம் வகுப்புக்கு விண்ணப்பம் இன்னும் வாங்கவில்லை.