புகார் சொல்லும் விளக்கு

கேள்வி: என் காரில் ‘செக் என்ஜின்’ விளக்கு அணைவதும் எரிவதுமாக இருக்கிறது. போகும்போதெல்லாம் ஒரு சென்சாரை மாற்றி பில்லை நீட்டுகிறார்கள். என்னதான் செய்வது? (வாசகர், ஈரோடு)

பதில்: புகார் சொன்னவனையே வேலையை விட்டுத் தூக்கினால், புகார் தீர்ந்துவிடுமா? சென்சார் பாவம், கண்டதைச் சொன்னது!

ஸ்கேனர் காட்டும் கோடு நம்பரை எழுதி வாங்குங்கள். ‘பி0420’ என்றால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் மீது சந்தேகம், தீர்ப்பு அல்ல. புகைக்குழாயில் கசிவு இருந்தாலும் அதே நம்பர் வரும். அவசரப்பட்டுக் கன்வர்ட்டரை மாற்றாதீர்கள். உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் எல்லாம் உண்டு. மெக்கானிக் ஷெட்டிலேயே நகைக்கடை பில் கிடைக்கும்!

இன்னொன்று: அந்த விளக்கு நின்று எரிந்தால் ஷெட்டுக்குப் போங்கள். விட்டுவிட்டுச் சிமிட்டினால் வண்டியை ஓரங்கட்டுங்கள். எரியாத பெட்ரோல் போய்க் கன்வர்ட்டரைப் பொசுக்கிக்கொண்டிருக்கலாம்.