எர்த் இல்லாத வாத்தியார்

மின்சுற்று முழுமையடைந்தால்தான் மின்சாரம் ஓடும். இந்த ஒரு வரியைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 32 வருடம் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கியவன் நான். அந்தச் சம்பளத்தை யாராவது திருப்பிக் கேட்பதற்குள் இதை எழுதிவிடுகிறேன்.

என்னிடம் அப்பா வாங்கிய 1968 மாடல் அம்பாசடர் மார்க் 2 இருக்கிறது. பதிவு செய்து 50 வருடம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று ஏற்கும் விதி 2021-இல் வந்ததிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. வண்டியின் பெட்ரோல் டேங்கோ உள்ளே துருப்பிடித்து, கார்புரேட்டருக்குச் செம்மண் கரைசலை அனுப்பிக்கொண்டிருந்தது. "டேங்க் மாட்டுறது என்ன பெரிய வித்தை? நானே பாத்துக்கறேன்" என்று மெக்கானிக்கிடம் சொன்னேன். "சரிங்க சார்" என்றார். அந்த 'சார்' கொஞ்சம் நீளமாக இருந்ததை அன்று நான் கவனிக்கவில்லை.

புது டேங்குக்கு ஒரு கோட் பிரைமர், மூன்று கோட் கறுப்புப் பெயின்ட் அடித்தேன். போல்ட் உட்காரும் ஓட்டை, டிக்கியின் அடித்தகடு, எதையும் விட்டுவைக்கவில்லை. கடகடவென்று சத்தம் வரக்கூடாதென்று நடுவில் ரப்பர் பட்டை கொடுத்தேன். பெட்ரோல் குழாய் வந்து சேரும் இடத்திலும் ரப்பர்தான். முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படி ஒரு பளபளப்பு.

பெட்ரோல் ஊற்றிச் சாவியைத் திருப்பினேன். பெட்ரோல் கேஜின் முள் 'காலி'யிலேயே படுத்திருந்தது. டேங்குக்குள் பெட்ரோல் மட்டத்தை அளக்கும் ஃப்ளோட் கெட்டுவிட்டது என்று புதிது வாங்கினேன். முள் எழவில்லை. கேஜ் கெட்டுவிட்டது என்று அதையும் மாற்றினேன். அப்போதும் எழவில்லை. நல்ல நிலையில் இருந்த பழைய இரண்டும் பழைய இரும்புக்காரரிடம் போய்ச் சேர்ந்தன. முள்ளை மறந்துவிட்டு நோட்டில் கிலோமீட்டர் கணக்கு எழுத ஆரம்பித்தேன். நாலு நாள் எழுதினேன்.

கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். தஞ்சாவூரைத் தாண்டியதும் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, முள்ளு காலின்னு காட்டுதே?"

"அது எப்பவும் அப்படித்தான் காட்டும்."

புலி வருது கதைதான். ஐயம்பேட்டைக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. முள் அன்றைக்கு ஒரு நாள் உண்மையைச் சொல்லியிருக்கிறது. பட்டுப்புடவையோடு அவள் பஸ் ஏறி முகூர்த்தத்துக்குப் போய்விட்டாள். எனக்குத் தாம்பூலப் பை மட்டும் வந்தது.

பெட்ரோல் ஊற்றி வண்டியை ஊர் கொண்டுவந்து சேர்த்த பிறகு, மெக்கானிக் வந்து குனிந்து பார்த்தார். "பெயின்ட் யார் சார் அடிச்சது?"

"நான்தான்."

"நல்லா அடிச்சிருக்கீங்க. எர்த்தே இல்லை. கேஜ்லேருந்து ஃப்ளோட்டுக்கு ஒரே ஒரு ஒயர்தான் சார் வருது. கரண்ட் திரும்பிப் போற வழி டேங்க்கோட உடம்புதான்."

முதலில் பேட்டரியைக் கழற்றச் சொன்னார். பெட்ரோலுக்குப் பக்கத்தில் பொறி பறக்கக்கூடாது. பிறகு டேங்கின் விளிம்பில் ஒரு ரூபாய் அகலத்துக்கு உப்புத்தாளால் என் பளபளப்பைச் சுரண்டினார். அடித்தகட்டிலும் அதே அளவு. இரண்டு முனையிலும் லக் வைத்த ஒரு சாண் ஒயரால் இரண்டையும் இணைத்து போல்ட்டை இறுக்கினார். பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பியதும் முள் எழுந்து பாதியைத் தாண்டி நின்றது. சில கேஜ்களில் எர்த் விட்டுப்போனால் 'ஃபுல்' என்று காட்டும். என்னுடையது காலி என்று சொல்லும் ஜாதி.

முள் பொய் சொன்னால் மானம்தான் போகும். எர்த் இல்லாத டேங்கில் ஆபத்து அதைவிடப் பெரிது. பெட்ரோல் ஊற்றும்போது நிலைமின்சாரம் சேரும். அதற்கு இறங்க வழியில்லையென்றால் ஒரு பொறி போதும். சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்குகளை இழுத்துக் காட்டி நான் வருடாவருடம் நடத்திய பாடம் அது.

"எவ்வளவு ஆச்சு?" என்றேன்.

"ஒயருக்கு மட்டும் இருபது ரூபா குடுங்க சார்."

பழைய வண்டிக்கு டேங்க் மாட்டப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெயின்ட் தாராளமாக அடியுங்கள். டேங்கிலும் அடித்தகட்டிலும் ஒரு ரூபாய் அகலம் மட்டும் விட்டுவைத்து, அங்கே எர்த் ஒயரை இறுக்கி, துருப்பிடிக்காமல் மேலே கிரீஸ் தடவுங்கள். முள் காலி என்று காட்டினால், வண்டியில் உட்கார்ந்திருக்கும் மனைவி சொல்வதைக் கேளுங்கள்.