கற்பிட்டிக் கரையில் பிராணிப் படம்: எண்ணெய்ச் சாயம் பற்றிய ஒரு முன்னாய்வு

1. வரையறை

வீட்டார் சோறு வைத்து, பெயர் வைத்து, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டும் வராத உயிர் வளர்ப்புப் பிராணி எனப்படும். உரியவர் பணம் கொடுக்க, ஆளிவிதை எண்ணெயில் குழைத்த சாயத்தால் ஓவியர் அதன் உருவைக் கன்வஸில் கீறுவது பிராணிப் படம். பணம் கொடுக்காமல் கீறுவிப்பதும் உண்டு. அது உறவுமுறை என்னும் வேறு துறையைச் சேர்ந்தது.

2. முன்னோர்

புத்தளம் பற்றி எதை எழுதினாலும் இபின் பதூதா 1344இல் இக்கரையில் இறங்கியதைச் சொல்லியாக வேண்டும். இறங்கினார். 1834இல் இலங்கை பற்றிய ஆங்கிலக் களஞ்சியத்தை வெளியிட்ட சைமன் காசிச்செட்டி கற்பிட்டியில் பிறந்ததையும் சொல்லியாக வேண்டும். பிறந்தார். இருவருக்கும் பிராணிப் படத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்பது மேற்கோளுக்குத் தடையாகாது. ஆய்வேடுகள் பலவற்றின் முதல் அத்தியாயம் நிற்பதே இந்தத் தூணில்தான்.

தொடர்புள்ளோர் கடல் கடந்தவர்கள். விக்டோரியா அரசி 1841இல் தம் கணவர் ஆல்பர்ட்டுக்கு நத்தார் பரிசாக, அவருடைய ஈயோஸ் என்ற வேட்டை நாயை லான்ட்சீர் என்னும் ஓவியரைக் கொண்டு வரைவித்தார். படத்தில் நாயோடு ஆல்பர்ட்டின் தொப்பியும் கையுறையும் இருக்கின்றன. கற்பிட்டியில் இவற்றுக்கு நிகராகச் சாரமும் குடையும் பரிந்துரைக்கப்படுகின்றன.

3. வகைப்பாடு

நாய்: முஸ்லிம் வீடுகளில் அரிது, உடப்பு, சிலாபம் பக்கம் தாராளம். நிற்கச் சொன்னால் படுக்கும்.

பூனை: எல்லா வீட்டிலும் உண்டு. மீன் வெட்டும் இடத்தில் மட்டும் அசையாமல் இருக்கும்.

ஆடு: வேலி பாயாதிருக்கக் கழுத்தில் மாட்டிய முக்கோணத் தடியோடு வருவதால், சட்டகச் செலவு மிச்சம்.

கோழி: படம் முடியுமுன் குழம்பு.

கழுதை: அரபு வணிகரோடு வந்ததென்று ஊர் சொல்லும். புத்தளத்திலும் கற்பிட்டியிலும் தெருவில் திரிவது, பெரும்பாலும் உரியவரற்றது. ஆகவே அது வளர்ப்புப் பிராணிதானா என்பது முதற் சிக்கல். எவர் வாசலில் நிற்கிறதோ அவருடையது என்பது ஒரு தரப்பு (தேத்தண்ணிக் கடை, கிழக்கு வாங்கு, மாலை அமர்வு). வாசலில் நின்றால் அவருடையது, வாழைக்கன்றைத் தின்றால் அயலாருடையது என்பது மறுதரப்பு (அதே கடை, மேற்கு வாங்கு, மழை நாள் அமர்வு, இரண்டாம் பிளேன்ரீக்குப் பின்).

பஸ் ஹோர்ன் அடித்தும் நடு றோட்டில் அசையாது நிற்பதால், ஓவியருக்கு இதனினும் சிறந்த மாதிரி இல்லை. எந்தப் பக்கத்தை வரைவது என்பதில்தான் ஒருமைப்பாடு இல்லை. இரு செவியும் தெரிய வேண்டும் என்பர் முன்முகக் கொள்கையர். ஒரு செவி போதும், மற்றது ஊகித்தறியத் தக்கது என்பர் பக்கவாட்டுக் கொள்கையர். பஸ் சாரதிகள் அறிந்த மெய்த்தோற்றம் பின்புறமே என்பது மூன்றாம் கொள்கை (அதே கடை, மேற்கு வாங்கில் சொல்லி, கிழக்கு வாங்கில் மறுத்து, மறுப்பை மீளப் பெற்று, கடன் கொப்பியின் பின்னட்டையில் பென்சிலால் குறித்தது, கீழ்ப்பாதி வடை எண்ணெயில் அழிந்தது). அழிந்த கீழ்ப்பாதியில் என்ன இருந்தது என்பதே இனி வரும் ஆய்வாளருக்குப் பதவி உயர்வு தரக்கூடிய பகுதி.

பின்னணி பற்றி விவாதம் இல்லை. ஆங்கில ஓவியர் ஸ்டப்ஸ் 1762 அளவில் விசில்ஜாக்கெட் என்ற குதிரையை ஏறத்தாழ மூன்று மீற்றர் உயரக் கன்வஸில் வரைந்தபோது, பின்னால் மரமோ மலையோ வைக்காமல் வெறுமையாக விட்டார். பாலாவி உப்பளத்தருகே கழுதையை நிறுத்தினால் அந்த வெறுமை இலவசமாகவே கிடைக்கும்.

4. பொருளும் காற்றும்

எண்ணெய்ச் சாயம் நீர் வற்றிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து இறுகுகிறது. அம்பர் என்னும் மண்ணிறத்தில் மங்கனீசு இருப்பதால் அது விரைவில் இறுகும். எலும்புக்கரிக் கறுப்பு தாமதிக்கும். தவிட்டு நிற நாயின் படம் கறுத்த ஆட்டின் படத்துக்கு முன்பே கைக்கு வருவது இதனால்தான். ஓவியரின் ஓரவஞ்சனை அன்று. அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேற்பூச்சில் கூடுதலாகவும் இருக்க வேண்டும். மாறினால் மேற்பரப்பு வெடிக்கும். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் ஈரச் சாயத்தில் கடற்கரை மணல் ஒட்டும். ஒட்டியதைத் துடைக்காமல் பாணி என்று அறிவிப்பது நலம். வார்னிஷுக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை பொறுக்க வேண்டும்.

5. ஒப்பந்தம்

முகம், அரை உடல், முழு உடல் என விலை ஏறும். கழுதைக்குச் செவிக் கட்டணம் தனி. உயிருள்ளவற்றின் உருவத்தைச் சுவரில் மாட்டலாமா என்பது மார்க்க அறிஞர்க்குரிய வினா. அதில் இவ்வாய்வு வாய் திறப்பதில்லை. படம் கைமாறும்போது எழும் ஆட்சேபம் பெரும்பாலும் ஒன்றே:

“தம்பி, எங்கட பூனை இவ்வளவு மெலிவா?”

“சாச்சி, படத்துக்கு மீன் போட ஏலாதே.”

விலையில் பாதி முற்பணமாகவும், மீதி வார்னிஷ் பூசிய பின்னும் பெறப்படும். கழுதைக்கு முற்பணம் தருவார் எவரும் இல்லாததால், அதைப் பொறுத்தவரை ஆய்வு மட்டுமே நடைபெற்று வருகிறது.