பூன்ட் முதல் அவ்தஸாக் வரை

கேள்வி: ரஷ்ய மொழி படிப்பவர், கலகம் தொடர்பான சொற்களை எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: சமையற்கட்டிலிருந்து! 1648-இல் உப்பு வரியால் மாஸ்கோவில் மூண்ட கலகத்துக்குப் பெயர் ‘சொல்யனோய் பூன்ட்’. 1840-களில் உருளைக்கிழங்கு பயிரிடச் சொல்லிக் கட்டாயப்படுத்தியபோதும் விவசாயிகள் பொங்கினார்கள்; அதுவும் ‘பூன்ட்’தான். இடையே 1662-இல், செப்புக் காசை மக்கள் தலையில் கட்டியதற்கு ஒரு ‘மேத்னி பூன்ட்’.

படையே ஆட்சிக்கு எதிராகத் திரும்பினால் ‘மித்யேஷ்’. 2023 ஜூனில் வாக்னர் கூலிப்படை மாஸ்கோ நோக்கிக் கிளம்பியபோது, தொலைக்காட்சியில் புதின் சொன்ன சொல் இதுதான்.

‘பெஸ்பர்யாத்கி’யைக் குற்றவியல் சட்டத்தின் 212-ஆம் பிரிவில் பார்க்கலாம்: பெருந்திரளான கலவரம்.

‘மீட்டிங்’ ஆங்கிலத்திலிருந்து வந்த சொல்லாயிற்றே என்று டீ, பிஸ்கட்டை எதிர்பார்த்துப் போய்விட வேண்டாம். ரஷ்யாவில் அது தெருவில் கூடும் அரசியல் கூட்டம். அனுமதி இல்லாத கூட்டமென்றால், ‘அவ்தஸாக்’ என்ற சொல்லைக் கைதி வண்டிக்குள் உட்கார்ந்தே கற்றுக்கொள்ளலாம்.