ஃபேன்சி: அக்காவின் சந்தேகத்துக்கு லெஸ்டரிலிருந்து விளக்கம்

‘ஃபேன்சி’ பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் வினைச்சொல்லாகவும் வரும். ‘ஹி ஃபேன்சிஸ் ஹர்’ என்றால் அவனுக்கு அவள் மேல் ஒரு கண். காதலென்று சொல்லும் அளவுக்கு முற்றவில்லை. வெறும் மரியாதையும் இல்லை. கண்ணோடு நின்றுவிட்டாலும் கேட்பாரில்லை.

‘ஃபேன்டசி’ 15ஆம் நூற்றாண்டில் சுருங்கிப் பிறந்த சொல் இது. முதலில் கற்பனை, பிறகு விருப்பம், ஷேக்ஸ்பியர் காலத்திலேயே காதல் என்ற பொருளும் சேர்ந்துவிட்டது. அலங்காரம் என்ற பொருளுடைய கிளைதான் ஊரில் வளையலும் ரிப்பனும் விற்கும் ஃபேன்சி ஸ்டோர் ஆயிற்று. அக்கா கடைப் பலகையில் உள்ளது இந்தக் கிளை. மாமா அதை மாற்றி எழுத வேண்டியதில்லை.

எந்தப் பொருளில் வருகிறது என்பது பின்னால் நிற்கும் சொல்லைப் பொறுத்தது. ‘ஃபேன்சி எ காஃபி?’ என்று அலுவலகப் பெண் கேட்டால், காபி வேண்டுமா என்று மட்டுமே அர்த்தம். ஜாதகம் தேட ஆரம்பித்திருந்தால் நிறுத்திவிடலாம். ‘ஃபேன்சி எ வாக்?’ என்பதும் அப்படியே, நடக்கத்தான் கூப்பிடுகிறார்கள். பின்னால் ஆள் மட்டும் நின்றால்தான் விவகாரம். ‘மேலாளரோடு சாப்பிட ஃபேன்சி’ எனலாம். சாப்பாட்டை எடுத்துவிட்டு மேலாளரை மட்டும் வைத்தால் மனிதவளத் துறை வரை போகும். ‘மேலாளரை ஃபேன்சி பண்ணவில்லை’ என்று மறுப்பதும் ஆகாது. அப்படியொரு யோசனை ஓடியதாகிவிடும். விளையாட்டுக் கணிப்பில் விலக்கு உண்டு: ஒரு மட்டையாளர் சதம் அடிப்பார் என ‘ஃபேன்சி’ பண்ணலாம், அது வெறும் கணிப்பு. சதத்தைச் சொல்ல மறந்தால் பழைய விதி திரும்பிவிடும்.

இக்கடிதம் எழுதுபவரை நோக்கி இச்சொல் இதுவரை டீ, சிப்ஸ், ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்டை மாற்றிக்கொள்வது ஆகியவற்றோடு மட்டுமே வந்திருக்கிறது. அந்த டீயும் கோப்பையில் பையை முக்கி, காய்ச்சாத பாலைக் குளிரக் குளிர ஊற்றியது. சாயங்காலம் நாலு மணிக்கு இருட்டிவிடும் டிசம்பரில் அதைக் குடிக்கும்போது, கடைக்குப் பின்கட்டில் அக்கா போடும் இஞ்சி டீயைப் பற்றி யோசிக்காமலிருப்பது கஷ்டம்.

‘ஃபேன்சி தட்!’ என்பது ‘அடேயப்பா’. தன்னைத்தானே ‘ஃபேன்சி’ பண்ணிக்கொள்பவர் தற்பெருமைக்காரர். சின்ன மாமாவை வைத்துப் புரிந்துகொள்ளலாம். ‘பிஜன் ஃபேன்சியர்’ புறா வளர்ப்பவர். டார்வினே 1850களில் புறா வளர்த்து லண்டன் புறாச் சங்கங்களில் சேர்ந்தவர்; அந்தப் புறாக்கள் 1859இல் வந்த ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலின் முதல் அத்தியாயத்திலேயே இடம்பிடித்தன. ஆகவே மொட்டைமாடிக் கூண்டுக்காகத் தம்பியைத் திட்டுவதைச் சற்றுக் குறைக்கலாம்.

அமெரிக்காவில் ஆள் மேல் கண் வைப்பதற்கு ‘க்ரஷ்’ என்பார்கள். ‘ஃபேன்சி’ அங்கே பெரும்பாலும் ஆடம்பரத்தைக் குறிக்கும். அட்லாண்டாவில் இருக்கும் சித்தப்பா மகனுக்கு இந்த விதிகள் செல்லாது. அவனைத் தனியாகக் கேட்டுக்கொள்ளவும்.